செல்லக்கனி அல்வாவுல காந்தல் வாசம் வந்த கதை

1

நம்ம பையனுவ சீமைக்குப் போயி கிரிக்கெட்டுல கப்பு ஜெயிச்சாங்கல்லா, அந்த மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இங்க தாராவியில முழங்கால் தண்ணி. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே பயலுவ வெடி போட்டானுவ. பாதி வெடி நமுத்துப் போச்சு. அந்த மழை விட்டு, சேறு காஞ்சு, தீவாளி வந்து போன கையோட இது நடந்தது. தேதி கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு எல்லாமே இப்படித்தான், ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ண வச்சுத்தான் ஞாபகம்.

எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுறது கீழ்வீட்டு மருமவ தங்கம். ஊர்ல பத்து வரைக்கும் படிச்ச புள்ள. சாயங்காலம் குழாயில தண்ணி பிடிச்சு வச்சுட்டு வந்து உக்காருவா. நான் ஒரு தடவ உக்காந்து சொல்லி முடிச்சா ஒரு நம்பர் போட்டுக்கிடுவா. இப்ப போட்டிருக்கது ஒண்ணு.

"தாத்தா, நீங்க சுத்தி வளைச்சு வர்றதுக்குள்ள வாசிக்கிறவுக தூங்கிருவாக. என்ன விசயம்னு முதல்ல சொல்லிருங்க"ங்கா.

சரி சொல்லிருதேன். பம்பாயில ஒரு அல்வாவுக்கு ஒரு பொம்பளையோட பேரு. செல்லக்கனி அல்வா. அந்தச் செல்லக்கனி நம்ம ஊர் வில்லுப்பாட்டுக்காரி. உசுரோடதான் இருக்கா. அந்தப் பேரு அல்வாவுக்கு எப்படி வந்ததுன்னு அவளுக்கு ஒரு அசிங்கமான கதைதான் காதுல விழுந்திருக்கு. நெசம் எனக்குத் தெரியும். அவகிட்ட அது போய்ச் சேரல. அதான் விசயம்.

இப்ப நான் சுத்தி வளைக்கலாம்லா.

என் பேரு இசக்கி. இங்க குடம் இசக்கின்னாத்தான் தெரியும். ஊர்ல இருக்கும்போது செல்லக்கனி குழுவுல குடம் அடிச்சவன். வில்லுப்பாட்டுல நடுவுல வில்லு, ஒருபக்கம் குடம், ஒருபக்கம் உடுக்கு. அவ ஒரு வரி பாடி நிறுத்தினா நாங்க "ஆமா"ன்னு சொல்லணும். அப்புறம் பொழைப்புக்கு பம்பாய் வந்து தோல் கிடங்குல சேந்தேன். கையில இருந்த குடம் போயி தோல் வந்துட்டு. என் பேரன் இங்கயே பொறந்தவன். வில்லுப்பாட்டுன்னு சொன்னேன். "தாத்தா, அம்பு விட்டுக்கிட்டே பாடுவீங்களா?"ன்னு இந்தியில கேக்கான். என்னத்தச் சொல்ல. ஆமான்னுட்டேன்.

2

செல்லக்கனியோட மகன் முருகேசன் கோவண்டியில இருக்கான். செம்பூர்ல ஒரு கம்பெனியில ஆபீஸ் பையனா சேந்து இப்ப கொஞ்சம் மேல வந்துட்டான். சட்டைய உள்ள விட்டு பெல்ட் போடுவான். அவன் அப்பா ஊர்ல தவறிப் போனதும், தனியா இருக்காளேன்னு அம்மாவை அந்த மழை முடிஞ்சதும் இங்க கூட்டிட்டு வந்தான். எனக்கு ஒரு வார்த்த சொல்லல. தீவாளி கழிஞ்சு ஒருநாள் அவனே என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். மொகம் செத்துப் போயிருந்தது.

"வாடே முருகேசா. உக்காரு."

"உக்கார வரல மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்."

நடந்தது இது. ரேஷன் கார்டுல அம்மா பேரச் சேக்கணும்னு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். நாலு தடவ அலைய விட்டிருக்கான் அங்க உள்ள கிளார்க்கு. ஊர்க் கார்டுல பேரு எடுத்த சீட்டு வேணும், அத நகல் எடுத்துட்டு வா, நகல்ல கையெழுத்து வாங்கிட்டு வான்னு. கடைசியா எல்லாம் சரியாயி பேரு என்னன்னு கேட்டிருக்கான். இவன் செல்லக்கனின்னு சொல்லியிருக்கான்.

கிளார்க்கு பேனாவ வச்சுட்டு நிமிந்து பாத்தானாம். பின்னாடி அலமாரியில தீவாளிக்கு வந்த மிட்டாய்ப் பெட்டி ஒண்ணு இருந்திருக்கு. அத எடுத்து மேச மேல வச்சு, "யே வாலி?"ன்னானாம். இவதானான்னு.

அந்தப் பெட்டிய நீங்க பாத்திருக்க மாட்டிய. சிவப்புப் பெட்டி. மேல ஒரு பொம்பளை படம். இடுப்புல கை வச்சு, கால்ல சலங்கை கட்டி, ஒரு கண்ண அடைச்சுக்கிட்டு நிக்கா. கீழ தமிழ்லயும் இந்தியிலயும் செல்லக்கனி அல்வா.

வரிசையில நின்னவன்லாம் எட்டிப் பாத்துச் சிரிச்சிருக்கான். கிளார்க்கு பெட்டிய இந்த அம்மா மொகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, ஒத்துப் பாக்குற மாதிரி பாத்தானாம். இன்னொருத்தன் சொல்லியிருக்கான், அது ஒரு நாச்னேவாலி, ஆட்டக்காரி, கடைக்கார பாய்க்கு அவ மேல பைத்தியம், அவளுக்குன்னே கிண்டின அல்வா, கடையில கேட்டா அவன் மகனே சொல்லுவான்னு.

"நீ என்னடே சொன்ன?"

"எங்கம்மா பேரு அது இல்லன்னேன். சீட்டுல இருக்கது வீட்டுல கூப்பிடுறது, நெசப் பேரு லட்சுமின்னேன். லட்சுமிபாய்னு எழுதிக் குடுத்துட்டான்."

"அவ பக்கத்துல நின்னாளா?"

"நின்னா."

"அவளுக்கு இந்தி தெரியாதே."

"படம் தெரியும்லா மாமா"ன்னான்.

 அவனே மேல பேசினான். ஆபீசுல எல்லார்கிட்டயும் எங்கம்மா ஊர்ல தையல் தைக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். எம் பொஞ்சாதி சாந்திக்கே அம்மா பாடுவான்னு பாதிதான் தெரியும். இந்தத் தாராவியில அவளப் பழகித் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். யாரு கேட்டாலும் அது வேற செல்லக்கனின்னு சொல்லிருங்கன்னான்.

"ஏம்ல, வில்லுப்பாட்டு பாடினா கேவலமா?"

"நீங்க கோயிலுக்குள்ள உக்காந்து பேசுதிய மாமா. நான் ரேஷன் ஆபீசுல நிக்கேன்."

எனக்குக் கோவம் வந்தது. அவன் சொன்னதுல தப்பும் தெரியல. இங்க உள்ளவனுக்கு வில்லுப்பாட்டுன்னா என்னன்னு எந்தப் பாஷையில சொல்ல? பொம்பளை, மேடை, கூட்டம்னு சொன்னா அவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அதுக்குத் தோதா ஒரு படமும் இருக்கு.

"அம்மா என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. சோறு தின்ன மாட்டேங்கா."

3

இன்னைக்குத் தங்கம் நேரத்தோட வந்துட்டா. மோட்டார் கெட்டு குழாயில தண்ணி வரலையாம்.

செல்லக்கனி இங்க வந்து பாடின கொடையச் சொல்லுதேன், கோயில் திருவிழாவ. பாகிஸ்தான்காரனோட சண்ட வந்து, பம்பாயில வெளக்க அணைக்கச் சொல்லி, சன்னல்ல கருப்புக் காயிதம் ஒட்டச் சொன்னாங்கல்லா, அதுக்கு முந்தின சித்திரை. எங்க அம்மன் கோயிலுக்குக் கொடை. இங்க கோயில்னா ஊர்ல மாதிரி நெனைக்காதிய. ரெண்டு சாலுக்கு, அதான் வரிசை வீட்டுக்கு, நடுவுல ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். ஆனா கொடைன்னா ஊர்ல எப்படியோ அப்படித்தான். ஊர்ல இருந்து மேளம் வரும், வில்லு வரும். அந்த வருசம் வந்தது செல்லக்கனி குழு. குடம் அடிக்கிறவன் ரயில்ல வயித்தால போயி படுத்துட்டான். நான் தோல் கிடங்குல சொல்லிட்டு வந்து குடத்துக்கு முன்னால உக்காந்தேன்.

மத்தியானக் கொடை. நல்ல வெயில். பந்தலுக்குப் பின்னாடி ஒரு கட்டர், சாக்கடைதான், அதத் தாண்டினா மைதீன் பாய் கடை. அவருக்குத் தென்காசிப் பக்கம். இங்க வந்து டீக்கடை போட்டு, அப்படியே அல்வா கிண்ட ஆரம்பிச்சவரு. கோதுமைய ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுத்து, தேங்காய்ப் பால விட்டு, வெல்லம் போட்டு, கடைக்கு வெளியிலயே பெரிய வார்ப்புல கிண்டுவாரு. அல்வா கிண்டுறவன் கைய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அடிப்பிடிச்சிரும். யாரு வந்து பேசினாலும் பாய் தலைய மட்டும் ஆட்டுவாரு. கை துடுப்பச் சுத்திக்கிட்டே இருக்கும். மூக்குல ஈ உக்காந்தாலும் விரட்ட மாட்டாரு.

செல்லக்கனி பாடினா. கதையில ஒரு தாய் புள்ளையத் தேடிப் போற இடம். அந்த இடத்துக்கு வந்தா அவ வீசுகோல் ரெண்டையும் கீழ வச்சுருவா. வில்லுல அடிக்க மாட்டா. உடுக்கும் நின்னுரும். குடம் மட்டும், மெதுவா, ஒரே மாதிரி. அதுக்கு மேல அவ குரலு. எத்தனையோ ஊர்ல அந்த இடத்துக்கு நான் அடிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் கழுத்துல முடி நிக்கும்.

நான் கூட்டத்தப் பாத்துக்கிட்டு அடிக்கேன். பொம்பளைகளுக்குப் பின்னாடி பந்தக்கால் பக்கம் மைதீன் பாய் நிக்காரு. கையில துடுப்பு. துடுப்போடயே வந்துட்டாரு மனுசன். அதுல ஒட்டின அல்வா நூல் மாதிரி வடியுது. முன்னால உக்காந்திருந்த ஒரு அக்கா தோள்ல சொட்டிட்டு. அவ திரும்பி, "ஏ பாய், சேலையில என்னத்த வடிய விடுதீரு? நான் என்ன உம்ம வார்ப்பா?"ன்னா. அவருக்குக் காது கேக்கல. அப்படியே நிக்காரு. செல்லக்கனி பாடி முடிச்சு, வீசுகோல எடுத்து வில்லுல ஒரு அடி அடிச்சா. மணியெல்லாம் சிலுங்குன்னு சத்தம் போட்டது. பாய் திடுக்குன்னு முழிச்சு துடுப்பப் பாத்தாரு. ஓடினாரு.

கூட்டத்துல யாரும் அதக் கவனிக்கல. அந்த அக்கா ஒருத்திதான், அவளும் சேலையத்தான் பாத்தா. மேடையில இருந்த நான் பாத்தேன்.

இடைவேளைக்கு நாங்க பாய் கடைக்கு டீ குடிக்கப் போனோம். அங்க ஒரே பொகை வாசம். வார்ப்பு அடிப்பிடிச்சுக் கெடக்கு. பாய் அத கட்டர்ல கொட்டப் போறாரு. வெக்கம் அவருக்கு, எங்க மொகத்தப் பாக்கல.

"அத ஏன் கொட்டுதிய?"ன்னா செல்லக்கனி.

"காந்திப் போச்சும்மா. வாயில வைக்க முடியாது."

"தொண்ட வறண்டு போயி வந்திருக்கேன். எதுன்னாலும் சரி, குடுங்க."

மேல இருந்தத நல்ல அல்வான்னு எடுத்துக் குடுத்தாரு. அவ வேண்டாம்னுட்டா. கரண்டிய வாங்கி அடியில ஒட்டியிருந்த காந்தலையும் சேத்து அவளே வழிச்சு எடுத்துத் தின்னா. கண்ண மூடிக்கிட்டுத் தின்னா. அப்புறம் சொன்னா: "எங்கய்யா பதநீ காய்ச்சும்போது அடியில இப்படித்தான் ஒட்டும். நாங்க அடிச்சுப் பிடிச்சுத் திம்போம்."

இன்னொரு வாய் வழிச்சுக்கிட்டு பாயப் பாத்துக் கேட்டா. "நாளைக்கும் ஒரு தடவ இதே மாதிரி கெடுக்க முடியுமா பாய்?"

கடையே சிரிச்சது. பாயும் சிரிச்சாரு. மறுநாளும் கெடுத்தாரு. அதுக்கு மறுநாளும். நாங்க தின்னதப் பாத்தவன்லாம், "பாய், செல்லக்கனி தின்னது எனக்கும் குடும்"னு வந்து நின்னான். கொடை முடிஞ்சு அவ ஊருக்குப் போயிட்டா. செல்லக்கனி தின்ன அல்வா செல்லக்கனி அல்வாவாயிட்டு. பாய் வச்ச பேரு இல்ல அது. நான் வச்சதும் இல்ல. தின்னவன் வச்சது.

இன்னொண்ணு இருக்கு. அதுதான் முக்கியம். எவ்வளவு நேரம் விட்டா அந்தக் காந்தல் வரும்? கொஞ்சம் கொறஞ்சா வெறும் அல்வா. கொஞ்சம் கூடினா கசந்து போகும். பாய்கிட்ட கடிகாரம் கிடையாது. பாகு இறுகி வரும்போது துடுப்ப எடுத்து வார்ப்பு வெளிம்புல சாத்தி வச்சுருவாரு. கைய கட்டிக்கிட்டு நிப்பாரு. உதடு மட்டும் அசையும். அந்தப் புள்ளையத் தேடுற இடத்த மனசுக்குள்ளயே முழுசா பாடுவாரு. முடிஞ்சதும் துடுப்ப எடுப்பாரு. சாகுற வரைக்கும், ஒவ்வொரு வார்ப்புக்கும் அப்படித்தான். ஒருநாள் நான் பக்கத்துல நின்னு ஏதோ பேச்சுக் குடுத்தேன். "சும்மா இரு இசக்கி, அவ பாடிக்கிட்டு இருக்கா"ன்னாரு.

4

முருகேசன் வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. அன்னைக்கே நான் போயி அவகிட்ட நெசத்தச் சொல்லியிருந்தா சோறாவது தின்னிருப்பா. ஒரு ஞாயித்துக்கெழம ரயில் ஏறி கோவண்டிக்குப் போனேன். முருகேசன் வீட்டுல இல்ல. அவனுக்கு ஆபீசுல ஏதோ கூடுதல் வேல. சாந்திதான் கதவத் தொறந்தா.

செல்லக்கனி சன்னல் பக்கம் கீழ உக்காந்திருந்தா. முடி முழுசா வெள்ள. குரலும் போயிட்டு, காத்துதான் வருது. என்னப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா.

"இசக்கியண்ணே. நீங்களா? நல்லா இருக்கியளா?"

"இருக்கேன் தாயி. உக்காரு."

ஊர் விசயம், செத்தவுக விசயம் எல்லாம் கேட்டேன். ஒண்ணொண்ணா சொன்னா. சாந்தி டீ போட உள்ள போனதும், செல்லக்கனி உக்காந்திருந்த கோரப்பாய்க்கு அடியில கையவிட்டு அந்தச் சிவப்புப் பெட்டிய எடுத்தா. அந்தக் கிளார்க்கு குடுத்ததா, இவ எங்கயாவது எடுத்ததா, தெரியல. படத்த என் பக்கம் திருப்பிக் காட்டினா.

"அண்ணே, இது நானா?"

வில்லுல உக்காந்து ஆமா போட்டே பழகினவன் நான். அவ ஒரு வரி சொல்லி நிறுத்தினா என் வாயில ஆமாதான் வரும். அன்னைக்கு அது வாய் வரைக்கும் வந்து நின்னு போச்சு.

"இல்ல தாயி. இருக்கு, சொல்லுதேன் கேளு"ன்னேன்.

ஆரம்பிச்சேன். எப்படி ஆரம்பிச்சேன்? எனக்குத் தெரிஞ்ச மாதிரி. ரயில்ல குடக்காரனுக்கு வயித்தால போச்சுல்லா, அதுல இருந்து. அப்புறம் தோல் கிடங்கு மேஸ்திரிகிட்ட லீவு கேட்டது. அவன் தரமாட்டேன்னது. பந்தல் போட்டது. அவளும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டிருந்தா, பழைய நாள் ஞாபகத்துல மொகம் கொஞ்சம் தெளிஞ்சது. சாந்தி டீயக் கொண்டு வந்து வச்சா. அதையும் குடிச்சேன். அப்புறந்தான் பாய்கிட்ட வந்தேன்.

"நீ பாடிக்கிட்டு இருக்க. மைதீன் பாய் அடுப்ப விட்டுட்டு உன்னப் பாக்க ஓடி வந்துட்டாரு…"

முருகேசன் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். எப்ப வந்தான்னு தெரியல. செருப்புக்கூட கழத்தல.

"போதும் மாமா."

"ஏல, முழுசா கேளு. நான் சொல்ல வந்தது…"

"அதத்தான் ஊரே சொல்லுது. நீங்களும் வந்து சொல்லணுமா? சாந்தி முன்னாலயா?"

"முருகேசா, பாட்டக் கேக்கத்தாம்ல வந்தாரு…"

"மாமா, உங்க கால்ல விழுதேன். போங்க."

சாந்தி தலையக் குனிஞ்சுக்கிட்டா. செல்லக்கனி பெட்டியக் கவுத்தி வச்சுட்டா, படம் தரையப் பாக்குற மாதிரி. அவ என்னப் பாத்த பார்வ இருக்கே. கோவம் இல்ல. ஓ, நீங்க சொல்லுறதும் அதானாங்குற மாதிரி.

இந்த இடத்துல தங்கம் பேனாவ வச்சுட்டா. "தாத்தா, துடுப்ப முதல்ல சொல்லியிருக்கலாம்லா?"ங்கா. சொல்லியிருக்கலாம். தலையில அது வேற எடத்துல இருந்தது. அந்த எடத்துக்கு வந்து சேருறதுக்குள்ள நேரம் போயிட்டு.

5

மறுநாள் காலையில சாகுல் கடைக்குப் போனேன். சாகுல் மைதீன் பாயோட மகன். வாப்பா மவுத்தானப்பறம் அவந்தான் கடை. நல்ல பையன். உழைப்பாளி. மாட்டுங்கா ஆளுகளுக்கெல்லாம் அவன் அல்வா போகுது. கேஸ் அடுப்பு வச்சிருக்கான். காந்தல் வாசத்த நிறுத்திட்டான். மாட்டுங்கா மாமிக "ஏம்பா, அடிப்பிடிச்ச வாடை வர்றதே"ன்னு திருப்பிக் குடுத்தாகளாம். இப்ப கலர் போட்டு ஏலக்காயத் தட்டிப் போட்டு கிண்டுதான்.

"யார்ல உனக்கு அந்தக் கதையச் சொன்னா? ஆட்டக்காரி, பைத்தியம்னு?"

"யாரும் சொல்லல சாச்சா. கஸ்டமர் யாரு இதுன்னு கேப்பான். தெரியாதுன்னா நல்லா இருக்குமா? வாப்பா ஒரு கலைஞர் மேல உசுரா இருந்தாக, அவுக பேருல போட்டாகன்னு சொன்னேன். இந்தியில சொல்லும்போது அது அப்படி ஆயிட்டு. பெட்டி அடிக்கிறவன் அவங்கிட்ட இருந்த படத்தப் போட்டுட்டான். நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

"அவ கோவண்டியில இருக்கா."

கிண்டிக்கிட்டிருந்தவன் நிமிந்து பாத்தான். "யாரு?"

"செல்லக்கனி."

அவன் அப்படி ஒரு ஆளு நெசமா இருக்கும்னு நெனைச்சதே இல்ல.  ரேஷன் ஆபீசச் சொன்னேன். இந்தத் தடவ துடுப்ப முதல்ல சொன்னேன். பாய் வார்ப்பு வெளிம்புல துடுப்பச் சாத்தி வச்சுட்டு, மனசுக்குள்ள அவ பாட்டு முடியுற வரைக்கும் நின்னதச் சொன்னேன்.

மெதுவா கேட்டான். "சாச்சா, மறைக்காம சொல்லுங்க. வாப்பாவுக்கு மனசுல ஒண்ணும் இல்லாமலா அடுப்ப விட்டுட்டுப் போனாக?"

"அது எனக்கு எப்படில தெரியும்? அவரு மனசுக்குள்ள நான் போயிப் பாத்தனா? நான் பாத்தது துடுப்பு. அதுல வடிஞ்ச அல்வா. அதத் தாண்டி நீயும் சொல்லாத, நானும் சொல்லல."

அவன் குனிஞ்சு பாத்தான். வார்ப்புல பாகு இறுகி வருது. துடுப்ப எடுத்து வெளிம்புல சாத்தினான்.

"எவ்வளவு நேரம் சாச்சா? எனக்கு அந்தப் பாட்டு தெரியாதே."

"எனக்கும் பாட்டு வராது. அடிதான் வரும்."

காலி எண்ண டின் ஒண்ணு கெடந்தது. கவுத்திப் போட்டு உக்காந்து அடிச்சேன். மெதுவா, ஒரே மாதிரி. பாட்டோட வார்த்த என்கிட்ட இல்ல, அந்த இடத்தோட நீளம் என் கையில இருக்கு. பாதியில பொகை வந்தது. "சாச்சா, கருகுது!"ன்னு துடுப்புக்குப் போனான். "கருகட்டும், தொடாத"ன்னேன். கைய இடுக்கிக்கிட்டு நின்னான், மூத்திரம் முட்டினவன் மாதிரி. அந்த இடம் முடிஞ்சதும் கடைசியா ஒரு அடி ஓங்கி அடிச்சேன். அவன் துடுப்பப் போட்டுக் கிளறினான்.

அடியில இருந்து அந்த வாசம் மேல வந்தது. சாகுல் மூக்க உறிஞ்சினான். இன்னொரு தடவ உறிஞ்சினான்.

"வாப்பா சட்ட வாசம்"ன்னான். அப்புறம் அடுப்பப் பாத்துக்கிட்டே நின்னான்.

கொஞ்சம் ஆறினதும் வழிச்சு வாழ இலையில வச்சுக் கட்டினான். நான் பெட்டியப் பாத்தேன். "பெட்டி வேண்டாம் சாச்சா"ன்னான். படத்த மாத்துவியான்னு கேட்டேன். அடுத்த தடவ அடிக்கும்போது பாப்போம்னான். என்னமும் கோச்சுக்கிட முடியுமா? அவனுக்கு வீடு டோம்பிவிலியில. ஒரு மணி நேரம் ரயில்ல தொங்கிக்கிட்டு வந்து கடை தொறக்கான். நெனப்பு அடுத்த அல்வாப் பெட்டியிலதான் இருக்கும்.

6

அன்னைக்கே மத்தியானம் கோவண்டிக்குப் போனேன். இலைக்கட்டு மடியில சூடா இருந்தது. போற வழியெல்லாம் வாய்க்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டேன். துடுப்பு. முதல்ல துடுப்பு. முருகேசன் வெட்டினாலும் சரி, துடுப்பச் சொல்லிட்டுத்தான் வெளிய வரணும்.

சாந்தி கதவத் தொறந்தா. சன்னல் பக்கம் யாரும் இல்ல. கோரப்பாய சுருட்டி சுவத்துல சாத்தி வச்சிருக்கு.

"அத்தைய ஊருக்கு அனுப்பிட்டாவ மாமா. காலையில தாதர்ல ரயில் ஏத்தி விட்டுட்டு அவுக அப்படியே ஆபீசுக்குப் போயிட்டாவ. ஊருக்குப் போற தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு கூட இருக்கு."

"அவளா கேட்டாளா, இவன் அனுப்பினானா?"

"ரெண்டு பேரும் பேசிக்கிடவே இல்ல. இவுக டிக்கெட்ட எடுத்துட்டு வந்தாவ. அத்தை சேலைய மடிச்சாவ."

 உள்ள வந்து உக்காரச் சொன்னா. வாசப்படியிலயே உக்காந்தேன். இலைக்கட்ட அவகிட்ட குடுத்தேன். பிரிச்சுப் பாத்து, கருப்பா இருக்கேன்னு மோந்து பாத்து, ஒரு விள்ளல் வாயில போட்டா. "கருகின மாதிரி இருக்கு"ன்னா. அப்புறம் இன்னொரு விள்ளல் எடுத்துக்கிட்டா.

அவகிட்ட சொன்னேன். துடுப்புல இருந்து ஆரம்பிச்சு முழுசாச் சொன்னேன். கேட்டுட்டு இலைய மடிச்சு வச்சா. பொறவு சொன்னா:

"மாமா, அத்தை கிளம்பும்போது அந்தப் பெட்டியில இருந்து படத்த மட்டும் கத்தரிச்சு எடுத்தாவ. நாலா மடிச்சு சுருக்குப் பையில வச்சாவ. இது எதுக்கு அத்த, தூரப் போடுங்கன்னேன். 'எம் பேரு போட்டிருக்குல்லா'ன்னாவ."

அதுதான் அன்னைக்கு இருந்து என்ன அறுக்குது. கிழிச்சுப் போட்டிருந்தா கோவம்னு எடுத்துக்கிடலாம். அதக் கொண்டு போயிருக்கா. ஊர்ல வச்சு தனியா எடுத்துப் பாப்பா. கண்ண அடைச்சுக்கிட்டு நிக்கிற அந்தப் பொம்பளையப் பாத்து, பம்பாய்க்காரனுக்கு நான் இதுதான்னு நெனச்சுக்கிடுவா. அவ பாட்ட ஒரு மனுசன் அடுப்பு முன்னால நின்னு எத்தனையோ வருசம் தினம் பாடினது அவளுக்குத் தெரியாது.

சாந்தி முருகேசங்கிட்ட சொல்லுதேன்னா. சொன்னாளோ என்னமோ. அவன் இந்தப் பக்கம் வரல. நானும் போகல. கார்டுல இன்னும் லட்சுமிபாய்னுதான் இருக்காம். ஆளு ஊர்ல, அவ பங்குச் சீனிய மட்டும் இங்க வாங்குதான்.

அதனாலதான் இத எழுதச் சொன்னேன். எனக்கு ஊருக்கு வர ஒடம்பு தாங்காது. அவ இருக்கது சாத்தான்குளத்துக்குக் கிழக்க, உடங்குடி போற ரோட்டுல இறங்கி, தேரி மணல்ல நடக்கணும். வில்லுப்பாட்டு செல்லக்கனி வீடுன்னா சின்னப் புள்ளையும் காட்டும். அந்தப் பக்கம் பொண்ணு பாக்கவோ, கொடைக்கோ, பஸ்ச விட்டுட்டோ யாராவது போனியன்னா ஒரு எட்டு அவ வீட்டுக்குப் போங்க. சுருக்குப் பையில இருந்து அந்தப் படத்த எடுத்துக் காட்டினா சிரிச்சிராதிய. அது நானான்னு கேட்டா இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்தாதிய. மைதீன் பாய் ஒவ்வொரு வார்ப்புக்கும் துடுப்ப வெளிம்புல சாத்தி வச்சுட்டு, நீ புள்ளையத் தேடுற இடத்த முழுசா பாடி முடிச்சப்பறந்தான் எடுத்தாரு, இசக்கி கண்ணால பாத்தான்னு சொல்லுங்க.

அத முதல்ல சொல்லிருங்க. டீ குடுத்தாலும் சொல்லிட்டுக் குடிங்க. என்ன மாதிரி ரயில்ல இருந்து ஆரம்பிக்காதிய.